ஹோம் டிப்போவா, லோஸா? விலை எங்கே குறைவு, உதவிக்கு ஆள் ஏன் கிடைப்பதில்லை

கேள்வி இதுதான்: "ஒஹாயோ கொலம்பஸில் போன மாதம் பழைய வீடு ஒன்று வாங்கினோம். வீட்டைப் பழுதுபார்க்கும் சாமான் விற்கும் பெரிய கடைகளான ஹோம் டிப்போ, லோஸ், மெனார்ட்ஸ் மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. எதில் விலை குறைவு? உள்ளே போனால் உதவிக்கு ஒருவரும் அகப்படுவதில்லை, அகப்பட்டவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஒரு கடையில் கேட்டதற்குப் புதுக் குழாயே வாங்கச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?"

முதலில், அந்தப் புதுக் குழாயை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நானும் இதே ஊர்தான், பதினான்கு வருடமாக. 1970-களில் கட்டிய வீடு, அதனால் மாதத்துக்கு நான்கு தடவையாவது இந்தக் கடைகளின் வாசலை மிதிக்காமல் முடியாது. கிரீன் கார்டு வந்த புதிதில் ஒரு பெரிய கடையில் (எது என்று சொல்லப் போவதில்லை) இரண்டு வருடம் வார இறுதிகளில் பிளம்பிங் பகுதியில் வேலையும் பார்த்திருக்கிறேன். மனைவி சிரித்தாள், ஊரில் இருக்கும் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இந்த வீட்டில் நான் செய்யும் வேலைகளில் பாதி அங்கே கற்றதுதான்.

விலையைப் பொறுத்தவரை ஹோம் டிப்போவுக்கும் லோஸுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. ஒருவர் விலையை இன்னொருவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லோஸின் இன்றைய தலைவர் மார்வின் எலிசனே ஹோம் டிப்போவில் பல ஆண்டு இருந்துவிட்டு வந்தவர். அதனால் எந்தக் கடை மலிவு என்று கேட்பதை விட்டுவிட்டு எந்தப் பொருள் மலிவு என்று கேளுங்கள். எல்லாருக்கும் விலை தெரிந்த பொருள்கள் சில உண்டு: இரண்டுக்கு நான்கு இஞ்ச் மரக்கட்டை, சுவருக்கு அடிக்கும் டிரைவால் பலகை, ஐந்து காலன் பெயின்ட் வாளி, சிமென்ட் மூட்டை, பெயர்பெற்ற டிரில் செட். இவற்றில் விலையை ஏற்றினால் காண்ட்ராக்டர்கள் மறுநாளே அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், அதனால் இங்கே நிஜமாகவே குறைவாக இருக்கும். ஆனால் நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்கும் சின்னச் சாமான் இருக்கிறதே, டாய்லெட் தொட்டிக்குள் இருக்கும் ஃபிளாப்பர் என்ற ரப்பர் மூடி, ஒரு பித்தளை இணைப்பு, பிளாஸ்டிக் பையில் எட்டு ஸ்க்ரூ, துணி உலர்த்தும் டிரையருக்கான ஒயர், அதன் விலை யாருக்கும் மனதில் நிற்பதில்லை. கட்டையில் விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு, செப்புக் குழாயில் இரண்டு துண்டை இணைக்க வேண்டும் என்று வையுங்கள். சால்டர் வைத்துப் பற்றவைக்கும் சாதாரண இணைப்பு ஏறக்குறைய ஒரு டாலர். அதே அளவில் ஷார்க்பைட் என்று சொருகினால் மாட்டிக்கொள்ளும் வகை, அதைப் போல எட்டு பத்து மடங்கு. அவசரத்துக்குச் சொருகும் வகையை நானும் பயன்படுத்தியிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாக வந்தவரிடம் கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். பற்றவைப்பதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் வேண்டும், அந்தப் பத்து நிமிடம் கடையில் யாரிடமும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பெர்னி மார்கஸும் ஆர்தர் பிளாங்கும் 1978-ல் ஹேண்டி டான் என்ற கடைத்தொடரிலிருந்து வேலைநீக்கம் செய்யப்பட்டவர்கள். அந்த வருடமே கம்பெனியைத் தொடங்கி, 1979-ல் அட்லாண்டாவில் முதல் ஹோம் டிப்போ கடைகளைத் திறந்தார்கள். ஊரில் நாம் பார்த்த ஹார்டுவேர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி நிற்பார், "அரை இஞ்சா முக்கால் இஞ்சா, எல்போவா டீயா" என்று இரண்டே கேள்வி, பையன் உள்ளே ஓடி எடுத்து வருவான். பழைய அமெரிக்கக் கடையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஹோம் டிப்போ அந்தக் கவுன்டரை எடுத்துவிட்டது. குடோனையே கடையாக்கி, சரக்கைக் கூரை வரைக்கும் அடுக்கி, நீயே எடுத்துக்கொள் என்றது. விலை குறைந்தது அதனால்தான். ஆனால் அண்ணாச்சி போன குறையை ஈடுகட்ட, பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் என்று தொழில் செய்தவர்களையே ஆரஞ்சு ஏப்ரன் மாட்டி வரிசைகளில் நிறுத்தினார்கள். 'முன்பெல்லாம் அங்கே எல்லாம் தெரிந்த ஒரு கிழவர் இருப்பார்' என்று அமெரிக்கர்கள் இன்றும் பேசுவது அந்தக் காலத்தைத்தான்.

2000 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து ராபர்ட் நார்டெல்லி தலைவராக வந்தார். கடைகளுக்குச் சரக்கு வாங்குவதை எல்லாம் அட்லாண்டாவுக்கு மையப்படுத்தினார், முழுநேர ஆட்களைக் குறைத்துப் பகுதிநேர ஆட்களைக் கூட்டினார், கடையை எண்களால் நடத்தினார். எண்களும் ஏறத்தான் செய்தன, ஆண்டு விற்பனை 4,600 கோடி டாலர் அளவிலிருந்து ஐந்து வருடத்தில் 8,000 கோடியைத் தாண்டியது. ஆனால் பங்கு விலை நகரவில்லை, வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண்ணில் லோஸுக்கு வெகு பின்னே போய்விட்டது. 2007 ஜனவரியில் அவர் வெளியேறும்போது கையில் கொடுத்தனுப்பியது சுமார் 21 கோடி டாலர். எங்கள் கடையில் ஒரு பழைய ஆள் இந்தத் தொகையைச் சொல்லிவிட்டு, "அதில் எத்தனை பிளம்பர் வைத்திருக்கலாம்" என்பார். அடுத்து வந்த ஃபிராங்க் பிளேக் கொஞ்சம் சரிசெய்தார், ஊழியர்களை மறுபடி வாடிக்கையாளர் பக்கம் திருப்பினார், அவருக்குப் பின் 2023-ல் தொடக்கக் கூலியை மணிக்கு 15 டாலராகவும் ஆக்கினார்கள். ஆனாலும் பழைய கிழவர் திரும்பி வரவில்லை. நல்ல பிளம்பர் வெளியே அதைப் போலப் பல மடங்கு சம்பாதிக்கும்போது இங்கே வந்து ஏன் நிற்கப் போகிறார்? வருபவர்கள் ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள், என்னைப் போல ஆசைக்கு வருகிறவர்கள். இதில் ஓய்வுபெற்றவரைக் கண்டால் விடாதீர்கள், தங்கம்.

இன்னொன்றும் உண்டு. கடையின் கண் இப்போது உங்கள் மேல் இல்லை, காண்ட்ராக்டர் மேல் இருக்கிறது. ஹோம் டிப்போ விற்பனையில் பாதி அளவு தொழில் செய்பவர்களிடமிருந்து வருகிறது, 2024-ல் கூரை, தோட்டச் சரக்கு விநியோகம் செய்யும் எஸ்ஆர்எஸ் நிறுவனத்தை 1,825 கோடி டாலருக்கு வாங்கியதும் அவர்களுக்காகத்தான். கடைக்குள் 'புரோ டெஸ்க்' என்று ஒரு மேசை இருக்கும், அங்கே நிற்பவர் கடையிலேயே விஷயம் தெரிந்த ஆட்களில் ஒருவராக இருப்பார். பெரிய வேலையாக, மாடிப்படி, தரை, டெக் என்று ஆயிரக்கணக்கில் சரக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் பட்டியலோடு நேராக அங்கே போங்கள், மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். இந்த நாட்டில் பேரம் கிடையாது என்று நினைத்துக்கொண்டு நாம் கேட்பதே இல்லை. கேட்டால் குறைக்கிறார்கள், கேட்காதவருக்கு ஒட்டியிருக்கும் விலை.

நேரமும் முக்கியம். சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை போய்விட்டுச் சேவை சரியில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை, அந்த நேரத்தில் ஒரு ஆளுக்கு மூன்று வரிசை. காலை ஆறு ஏழு மணிக்குக் காண்ட்ராக்டர்கள் கூட்டம். செவ்வாய், புதன் பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள், அதே கடைதானா என்று தோன்றும். போவதற்கு முன் கடையின் ஆப்பில் பொருளைத் தேடினால் எந்த வரிசை, எந்த பே என்று எண் காட்டும், மூன்று கடையிலும் இது உண்டு. கையிருப்பு எண்ணை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'இரண்டு இருக்கிறது' என்று காட்டினால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஒன்று திருட்டுப் போயிருக்கும், இன்னொன்று யாரோ எடுத்து வேறு வரிசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கூடவே பழைய உதிரியைக் கையில் கொண்டுபோங்கள். "சின்னதா, வெள்ளையா, இப்படி வளைஞ்சிருக்கும்" என்று யார் வந்து சொன்னாலும் எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை, பழையதைக் கையில் கொடுத்தால் அரை நிமிட வேலை.

வாசலில் சின்னக் குப்பியைக் கொடுத்து "உங்கள் வீட்டுத் தண்ணீரை இலவசமாகப் பரிசோதிக்கிறோம்" என்பவர்களும், ஜன்னல் மாற்றும் யோசனை உண்டா என்று வழிமறிப்பவர்களும் பெரும்பாலும் கடை ஊழியர்கள் அல்ல, கடைக்காக வெளிக் கம்பெனி அனுப்பிய விற்பனையாளர்கள். குப்பியை நிரப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்கள் சாப்பாட்டு மேசையில் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறம் மாற்றிக் காட்டி, சில ஆயிரம் டாலர் கருவியைத் தலையில் கட்டப் பார்ப்பார். நம் ஆட்கள் முகதாட்சண்யத்தில் மாட்டுவது இங்கேதான். கொலம்பஸ் நகரம் தன் தண்ணீரின் தர அறிக்கையை வருடா வருடம் வெளியிடுகிறது, அதைப் படித்தால் போதும்.

மெனார்ட்ஸ் தனி ரகம். விஸ்கான்சினில் ஓ கிளேர் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட, ஜான் மெனார்ட் குடும்பத்துக் கடை, பெரும்பாலும் மத்திய மேற்கு மாநிலங்களில்தான். மரமும் பொதுச் சாமானும் பல நேரம் மற்ற இருவரையும் விடக் கொஞ்சம் குறைவாகவே எனக்குப் பட்டிருக்கிறது. ஆனால் அங்கே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். 11 சதவீத ரிபேட் (வாங்கிய பிறகு திரும்பி வரும் தொகை) கழித்த பிறகு வரும் விலை பெரிதாகவும், இன்று நீங்கள் கட்ட வேண்டிய விலை அருகில் சின்னதாகவும் இருக்கும். அந்த 11 சதவீதமும் காசாக வராது. படிவம் நிரப்பி அனுப்பினால் சில வாரம் கழித்து, அதே கடையில் மட்டும் செல்லும் சீட்டாக வரும், அதைச் செலவழிக்க மறுபடி போவீர்கள், மறுபடி ஒரு ரிபேட். நம்மூர்ச் சீட்டுக் கம்பெனியெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஒழுங்காகப் படிவம் அனுப்பும் குணமிருந்தால் லாபம்தான், என் வீட்டில் அந்த வேலை மகளுடையது. மெனார்ட்ஸ் இருக்கும் ஊர்களில் ஹோம் டிப்போவும் அவ்வப்போது இதே 11 சதவீதத்துக்கு ஈடு கொடுத்ததுண்டு, நிபந்தனைகளை வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டிக் கடை விலையைக் காட்டினால் ஹோம் டிப்போவும் லோஸும் அதற்குச் சமமாகக் குறைப்பார்கள். முன்பெல்லாம் அதற்கும் கீழே 10 சதவீதம் குறைத்தார்கள், அந்தக் காலம் போய்விட்டது. மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கண்ணி. ஒரே தயாரிப்பாளர் ஒரே மாதிரிப் பொருளைக் கடைக்கு ஒரு எண்ணில் கொடுப்பது சகஜம், கடைசி எழுத்து மாறினால் கதை முடிந்தது. ஒரே கடைக்கு உரிய பிராண்டுகளில் ஒப்பிடவே வழியில்லை, ரையோபி ஹோம் டிப்போவில்தான், கோபால்ட் லோஸில்தான். பேட்டரிக் கருவி வாங்கும்போது இதை யோசியுங்கள். முதல் டிரில்லை எந்த பிராண்டில் வாங்குகிறீர்களோ அடுத்த பத்து வருடம் அந்த பேட்டரிக்குத்தான் வாழ்க்கைப்படப் போகிறீர்கள். வீட்டு வேலைக்கு ரையோபி போதும் என்பது என் கட்சி. அதன் 18 வோல்ட் பேட்டரி வடிவம் 1996-லிருந்து மாறவில்லை, அது ஒன்றே எனக்குப் பெரிய காரணம்.

கடை அட்டை எடுக்கலாமா? லோஸ் அட்டையில் தினமும் 5 சதவீதம் குறைகிறது, மாதாமாதம் முழுதாகக் கட்டுபவராக இருந்தால் எடுங்கள். ஹோம் டிப்போ அட்டையில் அந்தத் தள்ளுபடி இல்லை. 299 டாலருக்கு மேல் வாங்கினால் ஆறு மாதம் வட்டியில்லை என்பார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் கடைசி டாலர் வரை கட்டவில்லை என்றால் வாங்கிய முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி விழும், அதுவும் கந்துவட்டிக் கணக்கில். 40 டாலர் பாக்கி வைத்து 200 டாலருக்கு மேல் வட்டி கட்டிய நண்பர் எனக்கு உண்டு. அட்டை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு 90 நாளிலிருந்து ஒரு வருடமாகிறது, வேலையை இழுத்தடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது நல்ல சலுகை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மட்டும் இதில் சேராது. 48 மணி நேரம்தான், வந்து இறங்கியதும் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெரிய சாமான்களில்தான் சேவையின் உண்மை முகம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய கடையில் டிஷ்வாஷர் வாங்கினேன். பொருத்தித் தருவதற்கும் சேர்த்துப் பணம் கட்டியாயிற்று. வந்தவர் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், தண்ணீர் அடைக்கும் வால்வ் பழையது, தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்குப் போன் செய்தால் பொருத்துபவரிடம் பேசுங்கள் என்கிறார்கள், அவரைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்கிறார். கூடத்தில் அந்தப் பெட்டி பதினெட்டு நாள் இருந்தது, அதன்மேல் கொலு வைத்துவிடலாம் என்றாள் மனைவி. பொருத்த வருபவர் கடை ஆள் இல்லை, ஒப்பந்தக்காரர், அவருக்குத் தொகை ஒரு வேலைக்கு இவ்வளவு, சிக்கலான வீட்டைத் தவிர்ப்பதுதான் அவருக்கு லாபம். கடைசியில் போனை விட்டுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரசீதோடு நேரில் போய் மேனேஜரைப் பார்த்தேன். பொருத்தும் கூலியைத் திருப்பிக் கொடுத்து, விலையிலும் கொஞ்சம் குறைத்தார், பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வால்வை நானே மாற்றிப் பொருத்தினேன். போனில் பேசுபவருக்கு அதிகாரம் கிடையாது, கடை மேனேஜருக்கு உண்டு. ஒயரும் தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் பெட்டியில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மின் அடுப்பு என்றால் சுவர் சாக்கெட்டில் மூன்று துளையா நான்கு துளையா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வாங்கும் காலம் என்று பார்த்தால் மெமோரியல் டே (மே கடைசி), ஜூலை 4, லேபர் டே (செப்டம்பர் தொடக்கம்), பிளாக் ஃபிரைடே (நவம்பர் கடைசி), இவைதான் இங்கத்து ஆடித் தள்ளுபடி.

அப்புறம் ஏஸ் ஹார்டுவேரை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் பெரும்பாலும் உள்ளூர் முதலாளி, கூட்டுறவாகச் சேர்ந்து சரக்கு வாங்குகிறார்கள், கம்பெனி 1924-லிருந்து இருக்கிறது. பெரிய சாமான் விலை அதிகம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்க்ரூ என்றால் இழுப்பறையைத் திறந்து அந்த ஒன்றைக் கொடுப்பார்கள், பெரிய கடையில் எட்டு வாங்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒருவர் வந்து என்ன வேண்டும் என்பார். அண்ணாச்சி கடைக்கு இந்த ஊரில் கிட்டத்தட்ட அதுதான் பதில்.

சரி, உங்கள் குழாய். கைப்பிடிக்குக் கீழேயோ பின்புறமோ பிராண்ட் பெயர் இருக்கும். மோயன் என்றோ டெல்டா என்றோ இருந்தால் அதிர்ஷ்டம். சொட்டுவது குழாயின் குற்றமில்லை, உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற உதிரி பெரும்பாலும் தேய்ந்திருக்கும். பழைய ஒற்றைக் கைப்பிடி மோயனில் பெரும்பாலும் 1225 என்ற எண். கடையில் அதற்கே சுமார் இருபது டாலர் ஆகும், ஆனால் கம்பெனிக்குப் போன் செய்து குழாயின் படத்தை அனுப்பினால் வாழ்நாள் உத்தரவாதத்தில் இலவசமாகவே அனுப்பிவைப்பார்கள். விதிப்படி அது முதலில் வாங்கிய வீட்டுக்காரருக்கு, எனக்கு அதைப் பற்றிக் கேள்வி கேட்காமலே அனுப்பினார்கள். வந்ததும் சிங்க்குக்கு அடியில் இரண்டு வால்வையும் மூடுங்கள், குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள், சிங்க் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் கிளிப் குதிரைலாட வடிவத்தில் விரல்நகம் அளவுதான் இருக்கும், அது உள்ளே விழுந்தால் அடுத்து டிராப்பை, அதாவது சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயை, கழற்ற வேண்டியிருக்கும்.